கற்றாழைச் சோறு: மஞ்சள் பால், சூடு, நேரம்

சோற்றுக்கற்றாழை மடலைக் கீறி உள்ளிருந்து எடுக்கும் சோற்றில் 100 கிராமுக்கு 98.5 முதல் 99.5 கிராம் வரை வெறும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் ஒரு கிராம் சொச்சத்தில் பாதிக்கு மேல் பாலிசாக்கரைடுகள், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டவை. அந்த வழவழப்புக்கும், தீக்காயத்தில் தடவினால் ஆறுகிறது என்ற பெயருக்கும் பெரும்பாலும் காரணம் அந்த அரை கிராம்தான். அது கையில் நிற்பதும் கரைந்து போவதும் மடலை அறுத்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கற்றாழையைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இந்தப் பாலிசாக்கரைடுகளில் முக்கியமானதற்கு அசெமானன் என்று பெயர். மேனோஸ் என்ற சர்க்கரை ஆயிரக்கணக்கில் பீட்டா-1,4 பிணைப்பில் வரிசையாக நிற்கும். இடையிடையே கொஞ்சம் குளுக்கோஸும் உண்டு. சராசரியாக ஒரு மேனோஸுக்கு ஒன்று என்ற கணக்கில் அசிட்டைல் தொகுதிகள், அதாவது சிறு வேதிக் கிளைகள், ஒட்டியிருக்கும். அவை இருக்கும்வரை சங்கிலி தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று நிற்கும். அவை உதிர்ந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், வழவழப்பும் போய்விடும். காரம் பட்டால் அசிட்டைல் சுலபமாகக் கழன்றுவிடும். ஆகவே முகப்பூச்சுக்குக் கற்றாழையோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் கடந்து போய்விடுங்கள்.

மடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே பச்சைத் தோல், உள்ளே கண்ணாடி போன்ற சோறு. இரண்டுக்கும் நடுவே, தோலை ஒட்டி, வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரியும். அவை நீரும் உணவும் போகும் குழாய்கள். அவற்றை ஒட்டிய செல்களில்தான் மஞ்சள் பால் இருக்கிறது. இதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது நாட்டு மருந்துக் கடையில் கறுப்புக் கட்டியாக விற்கும் கரியபோளம் என்கிற மூசாம்பரம். இதிலுள்ள அலாயின் முதலான ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்கள் கடும் பேதி மருந்து. பாலிசாக்கரைடுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே மடலுக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கற்றாழை ஜூஸ் குடித்து வயிறு இழுத்துப் பிடித்தது, பேதியானது என்பவர்கள் குடித்தது பெரும்பாலும் இரண்டும் கலந்ததைத்தான். ‘உடம்பிலிருந்து கழிவெல்லாம் வெளியேறுகிறது’ என்று அதற்கு விளக்கம் வேறு சொல்லிக்கொள்கிறோம்.

இது வயிற்றுக் கடுப்போடு முடிகிற விஷயமும் அல்ல. மலச்சிக்கலுக்குக் கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளில் கற்றாழைப் பால் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002இல் முடிவெடுத்தது. அங்கே எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் குடிநீரில் முழு மடல் சாற்றை, அலாயினை வடிகட்டி நீக்காமல், கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதை அடிப்படையாக வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. முழு மடல் சாற்றை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. கவனிக்க வேண்டியது ‘முழு மடல்’ என்ற சொல்லை. தோல் சீவி, பால் வடித்து, கழுவி எடுத்த சோற்றைப் பற்றிய தீர்ப்பு அல்ல அது. ஆனால் ‘தோலில்தான் சத்து’ என்று சொல்லி மடலை அப்படியே மிக்சியில் போட்டு அரைக்கும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. அதில் அரைபடுவது என்னவென்று இப்போது தெரிந்திருக்கும்.

சரி, எப்படி எடுப்பது?

செடிக்கு இரண்டு, மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். நடுவிலிருக்கும் இளம் மடலைத் தொடக் கூடாது. வெளிச்சுற்றில் அடியில் கிடக்கும் தடித்த மடல்தான் வேண்டும். ஒடிக்காமல், தண்டோடு சேருமிடத்தில் வெளுத்திருக்கும் அடிப்பாகத்தில் கத்தியைக் கொடுத்துச் சுத்தமாக அறுக்க வேண்டும். ஒடித்தால் பிய்ந்த இடத்தின் வழியாக மண்ணும் கிருமியும் சோற்றுக்குள் போய்விடும். கற்றாழை இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும், பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் விடிகாலையில் அறுத்த மடல் புளிக்கும், சாயங்காலம் அறுத்தது சப்பென்று இருக்கும். பாலிசாக்கரைடு கணக்கில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

அறுத்த வாய் கீழே இருக்கும்படி மடலை ஒரு டம்ளரிலோ தட்டிலோ சாய்த்து வையுங்கள். சில நொடிகளில் மஞ்சளாகக் கசியத் தொடங்கும், காற்றுப் பட்டதும் பழுப்பாகும். வாடை மூக்கைச் சுளிக்க வைக்கும். கால் மணி முதல் அரை மணி நேரம் வடியட்டும். பிறகு மடலை வெளிப்புறம் நன்றாகக் கழுவி, அடியில் ஓர் அங்குலமும் நுனியில் மூன்று நான்கு அங்குலமும் வெட்டி எறியுங்கள். நுனி மெலிதாக இருப்பதால் அங்கே சோறு குறைவு, பால் அதிகம். இரண்டு ஓர முள்வரிசைகளையும் சீவிவிட்டு, மடலைத் தட்டையாக வைத்து மேல் தோலுக்கு அடியில் கத்தியைப் படுக்கை வாட்டத்தில் ஓட்டுங்கள். திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தையும் அப்படியே. தோலோடு ஒட்டி ஓரிரு மில்லிமீட்டர் சோறு போனால் போகட்டும். அதைச் சுரண்டி எடுக்கப் பார்ப்பதுதான் வழக்கமாகச் செய்யும் தவறு. ஸ்பூனால் தோலை வழிக்கும்போது பால் செல்கள் உடைந்து முழுவதும் கலந்துவிடும். 500 கிராம் மடலில் சுத்தமான சோறு ஏறக்குறைய பாதி தேறினாலே நல்ல கைவேலை.

ஏழு முறை கழுவ வேண்டும் என்பது பழைய முறை. காரணம் உள்ள முறைதான்: அலாயின் நீரில் கரையும். ஆனால் கழுவுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாளமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும், அதன் பிறகே துண்டு போட வேண்டும். அசெமானன் சோற்றின் செல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. பொடியாக நறுக்கிவிட்டுப் பிறகு ஏழு தண்ணீர் விட்டால் அலாயினோடு சேர்ந்து அதுவும் கழுவுத் தண்ணீரில் போகும். பாளத்தைக் குழாயடியில் பிடித்து, பச்சையோ மஞ்சளோ ஒட்டியிருக்கும் இடங்களைச் சீவி, மேல் வழவழப்பு குறையும்வரை அலசினால் போதும். ஓரத்தில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வையுங்கள். கசந்தால் இன்னும் கழுவ வேண்டும், அல்லது இன்னும் சீவ வேண்டும். உண்பதற்கான கற்றாழைப் பொருள்களில் அலாயின் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சர்வதேசக் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரம்பு. நாக்கு அவ்வளவு நுணுக்கமான கருவி இல்லை. ஆனால் கசப்புத் தெரிகிற சோறு உள்ளே போகக் கூடாது என்று தடுக்க அது போதும்.

துண்டுகளை மிக்சியில் ஓரிரு சுற்று விட்டால் போதும். நெடுநேரம் ஓட்டினால் நுரை கட்டும், காற்றுப் பட்டு சீக்கிரம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். வடிகட்டிய சாற்றில் எலுமிச்சைச் சாறு பிழிவது ருசிக்காக மட்டும் அல்ல. தொழிற்சாலைகளில் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பை பிஹெச் 3 முதல் 3.5 வரை கொண்டுவருகிறார்கள். அந்தப் புளிப்பில் கிருமிகள் மெதுவாகவே வளரும், வைட்டமின் சி நிறம் மாறுவதைத் தள்ளிப்போடும்.

அடுத்தது நேரம். அறுத்த மடலுக்குள்ளேயே இருக்கும் நொதிகளும், வெளியிலிருந்து ஏறும் பாக்டீரியாவும் மேனோஸ் சங்கிலியைத் துண்டுபோடத் தொடங்கிவிடும். துண்டான சங்கிலிக்கு வழவழப்பு கிடையாது. காலையில் கையில் நூல் மாதிரி இழுபட்ட சாறு, வெளியே வைத்தால் மறுநாள் தண்ணீர் மாதிரி சொட்டுவது இதனால்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் மெதுவாகும், நிற்காது. சோற்றை எடுத்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், அல்லது ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள். தேவைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். கெட்டுப்போன சரக்கைப் பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். மாலிக் அமிலம் இருந்த இடத்தில் லாக்டிக் அமிலம் தெரிந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள். அசிட்டிக் அமிலம் ஏறியிருந்தால் அசிட்டைல் கழன்றிருக்கிறது.

சூட்டின் கதை கொஞ்சம் சிக்கலானது. சூடே கூடாது என்பதும் தவறு, கொதித்தாலும் சத்து போகாது என்பதும் தவறு. 60 டிகிரிக்கு மேல் நெடுநேரம் உலர்த்தினால் சங்கிலியின் அமைப்பு மாறிவிடுகிறது. ஆனால் 85 முதல் 95 டிகிரியில் ஓரிரு நிமிடம் வைத்து உடனடியாகக் குளிர வைத்தால் நொதியும் கிருமியும் அடங்கிவிடும், சங்கிலி பெரும்பாலும் தப்பிவிடும். தொழிற்சாலைகள் செய்வது இதைத்தான். நமது கற்றாழை அல்வா, கற்றாழைக் குழம்பு இரண்டிலும் அரை மணி நேரம் கிண்டுகிறோம், கொதிக்க விடுகிறோம். ருசிக்குச் சாப்பிடலாம், தடையில்லை. அசெமானனுக்காகச் சாப்பிடுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நிழலில் உலர்த்தாமல் வெயிலில் நாள்கணக்கில் காயவைத்த கற்றாழைப் பொடிக்கும் இதே பதில்தான்.

கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெல்லிய துணியில் வடித்த புதுச் சாறு ஒரு பங்கு எடுத்து, எலக்ட்ரானிக் பலகைகளைத் துடைக்க விற்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நான்கு பங்கில் கண்ணாடி டம்ளரில் மெதுவாக ஊற்றுங்கள். பாலிசாக்கரைடு ஆல்கஹாலில் கரையாது. வெள்ளை வெள்ளையாக, சிலந்தி நூல் போல இழைகள் திரண்டு மிதக்கும். குச்சியால் சுழற்றினால் அதில் சுற்றிக்கொள்ளும். முந்தாநாள் எடுத்து வெளியே வைத்த சாற்றில் இதையே செய்தால் இழை வராது, லேசான கலங்கல்தான் வரும். பார்ப்பதற்கு மட்டும்தான் இது, வாயில் வைப்பதற்கில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி உடம்புக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். முதலில் குடிப்பது. பீட்டா-1,4 மேனோஸ் சங்கிலியை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அது பெருங்குடல்வரை போய், அங்கிருக்கும் பாக்டீரியாவுக்கு உணவாகி, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாறும். அதாவது கரையும் நார்ச்சத்து செய்யும் வேலைதான். அளவைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 100 மி.லி. சாற்றில் பாலிசாக்கரைடு அரை கிராமைச் சுற்றித்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் வெந்தயத்தில் கேலக்டோமானன் என்ற இதே குடும்பத்து நார் ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். 5 கிராம் இசப்கோல் உமியில் அதைவிடப் பல மடங்கு. நார்ச்சத்துக்காகத் தினமும் கற்றாழை வெட்டிக் கழுவிக் குடிக்கிறவர், ராத்திரி ஒரு கரண்டி வெந்தயம் ஊறப்போட்டால் வேலை மிச்சம், பலனும் அதிகம்.

குடலுக்கு எந்தப் பலனும் இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. பெருங்குடல் புண் நோயாளிகள் 44 பேரை வைத்து இங்கிலாந்தில் செய்து 2004இல் வெளியான சோதனையில், 100 மி.லி. கற்றாழைச் சாறு தினம் இரண்டு வேளை, 4 வாரம் கொடுத்தார்கள். கற்றாழை குடித்தவர்களில் 30 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது; போலி மருந்து குடித்தவர்களில் 7 சதவீதம். நம்பிக்கை தருகிற முடிவுதான், ஆனால் 44 பேர் சின்னக் கூட்டம். அதைக் காட்டி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி, கட்டி கரையும் என்கிற பேச்சுகளுக்கு மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாய், பூனைகளின் ஒருவகைச் சதைக்கட்டிக்கு அசெமானனைக் கால்நடை மருந்தாக அனுமதித்தார்கள். அது ஊசி. சுத்திகரித்த பொருளை நேரடியாக உடலுக்குள்ளும் கட்டிக்குள்ளும் செலுத்தும்போது மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் தூண்டப்படுகின்றன. அதே பொருள் வாய்வழியே போனால் பெருங்குடல் பாக்டீரியாவிடம்தான் போய்ச் சேரும். ஊசியின் பலனை டம்ளருக்கு ஏற்றிச் சொல்வது நேர்மையில்லை.

தோலில்தான் கற்றாழைக்கு உண்மையான பலம். நேரடியாகப் புண்ணின் மேலேயே இருப்பதால் அரை சதவீதமே போதுமானதாகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெல்லிய படலமாகிறது; மேனோஸ் சங்கிலியை அடையாளம் காணும் ஏற்பிகள் மேக்ரோஃபேஜ்களில் இருக்கின்றன. பாங்காக்கின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தார் ஈறு செல்களில் அசெமானனை விட்டுப் பார்த்து, கொலாஜனும் வளர்ச்சிக் காரணிகளும் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். தீக்காயங்களைப் பற்றித் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் நான்கு சோதனைகளை, மொத்தம் 371 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல், இரண்டாம் நிலைக் காயங்கள் ஏறக்குறைய 9 நாள் முன்னதாக ஆறியிருந்தன. சோதனைக்குச் சோதனை பயன்படுத்திய சரக்கு வேறு என்பதால் 9 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திசை சரியானது.

சூடுபட்டதும் கற்றாழையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். வேறெதையும்விட அதுதான் காயத்தின் ஆழத்தைக் குறைக்கும். கொப்புளம் உடையாத, தோல் சிவந்த காயத்துக்குப் பிறகு சோற்றைத் தடவலாம். ஆழமான காயம், உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம் என்றால் ஆஸ்பத்திரி. பிளந்த புண்ணுக்கும் தையல் பிரிந்த இடத்துக்கும் கற்றாழை வேண்டாம். 1991இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சிசேரியன் முதலான வயிற்று அறுவைக்குப் பிறகு புண் திறந்துகொண்ட 21 பெண்களில், வழக்கமான கட்டுப் போட்டவர்களுக்கு சராசரியாக 53 நாளில் ஆறியது. கற்றாழை ஜெல் சேர்த்தவர்களுக்கு 83 நாள் ஆயிற்று. கதிர்வீச்சு சிகிச்சையில் தோல் வெந்துபோவதைத் தடுக்கும் என்று நம்பிச் செய்த சோதனைகளும் பெரும்பாலும் கைவிட்டன. ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனையில் சாதாரணத் தண்ணீர்க் கிரீம் கற்றாழையைவிட நன்றாக வேலை செய்தது.

முகத்துக்கோ தலைக்கோ போடும் முன் முழங்கை உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. அரிப்பும் தடிப்பும் வந்தால் பெரும்பாலும் சோறு காரணமல்ல, சரியாக வடிக்காத பால்தான். மடலை இரண்டாகப் பிளந்து அப்படியே தலையில் தேய்க்கிறவர்களுக்கு அரிப்பு வருவதும் இதனால்தான்.

கடை ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சோறு நிறமற்றது, கடை ஜெல்லின் பச்சை நிறம் சாயம். கெட்டித்தன்மையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் கார்போமர் என்ற செயற்கைக் கெட்டிப்பான். எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஜெல் வைத்து, ஒரு சிட்டிகை உப்புத்தூளைத் தூவி விரலால் கலக்குங்கள். கார்போமர் என்றால் கண்ணெதிரே தண்ணீராக ஓடிவிடும். கற்றாழையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை; கெட்டியாக இருப்பதற்குக் கற்றாழை காரணமில்லை என்பதுதான் அர்த்தம். பொடியாக விற்பதில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சரக்கைக் கலப்பது பழைய தந்திரம். தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலமோ ஊதாவோ செம்பழுப்போ ஏறினால் மாவுச்சரக்கு கலந்திருக்கிறது. நிறம் ஏறாவிட்டால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, எல்லா மால்டோடெக்ஸ்ட்ரினும் நிறம் காட்டாது. உலர்ந்த எடையில் அசெமானன் குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன கூட்டமைப்பின் கணக்கு. உறையில் அந்த எண்ணைப் போடுகிற கம்பெனி அபூர்வம்.

குடிப்பதென்றே முடிவு செய்தவர்களுக்கு: சுத்தமான சோற்றுச் சாறு 30 மி.லி. அளவில் தொடங்குங்கள். வயிறு இளகினால் நிறுத்துங்கள், அது பால் கலந்ததன் அடையாளம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் குடிக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது, ரத்தச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். டிகாக்சின் என்ற இதய மருந்து, நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பேதியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். கரியபோளத்தை வீட்டில் தாமாக உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்: தினம் ஒரு கிராம் வீதம் சில நாள் சாப்பிட்டாலே சிறுநீரகம் பழுதாகி உயிருக்கு ஆபத்து வரும் அளவு அது. படிகாரத்தூள் தூவி, சோற்றிலிருந்து வடியும் தண்ணீரைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கும், படிகாரம் இருக்கும், வடியாத பாலும் இருக்கும். கண் சிவந்திருந்தால் கண் டாக்டரிடம் போங்கள்.